அருவியில் கரையாத பன்னிரண்டு கிலோ

போன சித்திரையில் ஒரு நாள் காலை குளித்துவிட்டு எழும்போது குளியலறையிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டேன். எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. முட்டி இரண்டும் நான் சொன்னதைக் கேட்கவில்லை. சேலையை இழுத்து மேலே போட்டுக்கொண்டு சத்தம் கொடுத்தேன். பக்கத்து வீட்டுப் பெண் ஓடி வந்தாள், அவளால் ஆகவில்லை. அவள் மாமியார் வந்தாள், இரண்டு பேர் சேர்ந்தும் ஆகவில்லை. கடைசியில் தெருமுனையில் நின்ற ஆட்டோக்காரரையும் அவர் கூட்டாளியையும் கூப்பிட்டு, நாலு பேராகச் சேர்ந்து என்னைத் தூக்கி நாற்காலியில் வைத்தார்கள்.

ஆட்டோக்காரர் நல்ல மனுசர்தான். வாசலுக்குப் போனதும் கூட்டாளியிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

"ஏ அண்ணாச்சி, கோயில் கொடைக்குச் சப்பரம் தூக்கும்போதுகூடத் தோளு இப்படி வலிக்கலையே."

நான் சிரிக்கவில்லை. மேலகரத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தேழு வருசம் சத்துணவு ஆக்கியவள் நான். இருநூறு பிள்ளைக்கு வடிக்கிற சோற்றுப் பானையை, இன்னொருத்தி ஒரு கை கொடுக்க, அடுப்பிலிருந்து அலுங்காமல் இறக்கி வைத்தவள். அப்படிப்பட்டவளை நாலு பேர் பானையைப் போல இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள். அன்றைக்குப் பூரா அதுதான் நெஞ்சில் கிடந்து உருண்டது.

விசயம் என் மகன் காதுக்குப் போயிற்று. அவன் கோயம்புத்தூரில் போலீஸ்காரன். அந்த ஞாயிற்றுக்கிழமையே வந்து நின்றான்.

"எம்மா, போதும். இனிமே நீ தனியா இருக்கக் கூடாது. எங்கூட வந்துரு."

"உன் வீடு எத்தனாவது மாடி?"

"மூணாவது. அதுக்கென்ன?"

"லிப்டு இருக்கா?"

அந்தக் குடியிருப்பில் லிப்ட் கிடையாது என்று எனக்கும் தெரியும். மூன்று மாடி ஏறிவிட்டால் இந்த முட்டியோடு நான் திரும்ப இறங்கப் போவதில்லை. ஏறினது ஏறினதுதான். அங்கே ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டிடத்துச் சுவர்தான் தெரியும். என் வீட்டுக்காரர் கட்டிக் கொடுத்துவிட்டுப் போன வீடு எனக்கு இங்கே மேலகரத்திலேயே இருக்கிறது. என் சாவியை என் இடுப்பில்தான் செருகிக்கொள்ள வேண்டும்.

கடைசியில் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். முட்டியை ஆப்பரேஷன் செய்து சரிப்படுத்திக்கொண்டால் நான் என் வீட்டிலேயே இருக்கலாம். தைப்பொங்கலுக்குள் ஆப்பரேஷனுக்குத் தேதி வாங்காவிட்டால் அவனோடு கிளம்பிவிட வேண்டும்.

மறுநாளே என்னைத் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். வரிசையில் எனக்கு முன்னால் தொந்தியும் தொப்பையுமாக ஒருவன் நின்றான். திரும்பிப் பார்த்துவிட்டு, "எம்மா, என்னைத் தெரியலையா? உங்க கையால சாப்பிட்டவன்லா," என்றான். சர்க்கரை மாத்திரை வாங்க வந்திருக்கிறானாம். ஒரு காலத்தில் அவனுக்கு நிக்கர் இடுப்பில் நிற்காது, அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டு வருவான். இப்போது பெல்ட்டு வயிற்றுக்கு அடியில் எங்கேயோ கிடக்கிறது.

டாக்டர் சின்ன வயசுக்காரர். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என்னை மிஷினில் ஏறச் சொன்னார். தொண்ணூற்று இரண்டு காட்டியது.

"முட்டி நல்லா தேஞ்சிருக்கும்மா. மாத்திரலாம். ஆனா இந்த எடையோட நான் கத்தி வைக்க மாட்டேன். சர்க்கரையும் கூடுதலா இருக்கு. பன்னிரண்டு கிலோ இறக்கிட்டு வாங்க, தேதி தாரேன்."

தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டு வரச் சொல்வதைப் போலச் சொல்லிவிட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எடை பார்க்கிற மிஷினை நான் முதல்முதலாகப் பார்த்ததே அந்தப் பள்ளிக்கூடத்தில்தான். நர்சம்மா வந்து பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஏற்றி இறக்குவார். நோஞ்சானாக இருக்கிற பிள்ளைக்குக் கையில் நாடாவைச் சுற்றி அளப்பார். எடை கூடாத பிள்ளைகள் யார் யார் என்று என்னிடம் வந்து சொல்லி, "இதுகளுக்குப் பருப்பைக் கொஞ்சம் அடியில இருந்து கோரி ஊத்துங்கம்மா," என்பார். அடுத்த தடவை அந்தப் பிள்ளை அரைக் கிலோ கூடியிருந்தால் எனக்குத் தரையில் கால் பாவாது. என் பிள்ளை பரீட்சையில் தேறினாற்போல இருக்கும்.

அன்றைக்கு எடை ஏறவில்லை என்று வைதார்கள். இன்றைக்கு எடை இறங்கவில்லை என்று வைகிறார்கள். இரண்டையும் ஒரே ஆயுசில் பார்த்தாயிற்று. இதில் யார் மேலும் குற்றமில்லை. அன்றைக்கு ஊரில் பசி இருந்தது. இப்போது பசி போய்விட்டது. பசிக்குப் பயந்து அள்ளிப் பழகின கை மட்டும் போகவில்லை.

சரி, பன்னிரண்டு கிலோவை எப்படி இறக்குவது? என்னோடு சத்துணவுக் கூடத்தில் உதவிக்கு இருந்தவள் ஒருத்தி, என்னைவிட ஐந்து வயது இளையவள், அடுத்த தெருவில் இருக்கிறாள். அவளைக் கேட்டேன். சட்டென்று வழி சொன்னாள்.

"எக்கா, மருந்து மாத்திரை ஒண்ணும் வேண்டாம். குத்தால சீசன் தொடங்கட்டும். நாப்பது நாள் அருவியில தலையக் குடு. கொழுப்பெல்லாம் வெண்ண மாதிரி வழிஞ்சு ஓடிரும்."

"நெசமாவா சொல்லுதே?"

"பின்ன? கறிச்சோறு வயிறு முட்டத் தின்னுட்டு அருவியில போயி நில்லு. வெளிய வரும்போது பசிக்குதா இல்லையா?"

"பசிக்கும்."

"அப்ப அவ்வளவு சோத்தையும் தண்ணி கரைச்சிருச்சுல்லா? வயித்துல கிடக்குத சோத்தைக் கரைக்கித தண்ணி இடுப்புல கிடக்குததை மட்டும் கரைக்காதாக்கும்?"

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. குற்றாலத்தை அடுத்துப் பிறந்து வளர்ந்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். இந்தத் தண்ணீர் கல்லையும் கரைக்கும் என்பது எங்கள் ஊர்ப் பேச்சு.

ஆனி பிறந்து சாரல் விழுந்ததும் போகத் தொடங்கினோம். காலை ஆறு மணிக்கு ஷேர் ஆட்டோ. பேரருவியில் பெண்கள் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவள் என் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, மெல்ல மெல்ல உள்ளே போவேன். தண்ணீர் முதுகில் விழும்போது ஒருத்தி உலக்கை போடுவதைப் போல இருக்கும். கரையட்டும், கரையட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே நிற்பேன். அரைமணி நேரம். சில நாள் முக்கால் மணிகூட உண்டு. அந்தக் குளிரில் முட்டி வலி மரத்துப் போய்விடும். மலை இறங்கி வந்த மேகம் தலைக்கு மேலேயே நிற்கும். அதைச் சுகமில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

வெளியே வந்தால் பசிக்கும். அது சாதாரணப் பசி இல்லை. வாசலில் மிளகாய் பஜ்ஜி எண்ணெயில் கிடந்து குதிக்கும். அந்தப் பக்கம் தேங்காய் எண்ணெயில் நேந்திரங்காய் வறுக்கிற வாசம் வரும். கரைந்ததில் கொஞ்சம்தானே என்று நாலு பஜ்ஜி, ஒரு டீ. வருகிற வழியில் கடையில் இரண்டு பரோட்டா, சால்னா. "இப்பத்தான அவ்வளவும் கரைஞ்சிருக்கு, வெறும் வயித்தோட இருந்தா மயக்கம் வரும்க்கா," என்பாள். எனக்கும் மயக்கம் வருவதாகத்தான் தோன்றும். வீட்டுக்கு வந்து, சோறு ஆறிப்போகக் கூடாதே என்று அதையும் சாப்பிடுவேன்.

நாற்பது நாளும் ஒரு நாள் விடாமல் போனேன். வெள்ளம் என்று அருவியை அடைத்த அன்றைக்கு ஐந்தருவிக்குப் போகலாமா என்று கேட்டவள் நான். அங்கேயும் அடைத்திருந்தார்கள். டீயும் வடையும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

ஆடி முடிகிற சமயம். வீடு வீடாக வந்து சர்க்கரையும் பிரஷரும் பார்க்கிற நர்ஸ் பெண் ஒருத்தி எங்கள் தெருவுக்கு வருவாள். எனக்கொரு மகள் இருந்தால் அவள் வயசு இருக்கும். அவளிடம் அன்றைக்குப் பெருமையாக மிஷினை எடுக்கச் சொல்லி ஏறி நின்றேன்.

"ஆச்சி, தொண்ணூத்து நாலரை."

"மெஷினு கோளாறு."

"நான் ஏறிக் காட்டட்டா?" என்று அவளே ஏறினாள். "அம்பத்தொண்ணு. எனக்குச் சரியாத்தான் காட்டுது."

"நாப்பது நாள் அருவியில நின்னுருக்கேன் தாயி. எப்படி ஏறும்?"

அவள் எல்லாவற்றையும் கேட்டாள். பஜ்ஜியைச் சொல்லும்போது சிரிக்காமல்தான் இருந்தாள். பரோட்டாவுக்கு வந்ததும் தாங்கவில்லை.

"ஆச்சி, அருவி உங்களைக் கரைக்கல. குளிர்ல பசியத்தான் கிளப்பி விடுது. நீங்க வயித்துக்குள்ள ஒரு சத்துணவுக் கூடமே நடத்திருக்கிய."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் தின்னுததே கொஞ்சம். காலையில ரெண்டு இட்லி. மத்தியானம் ஒரு வாய்ச் சோறு. அவ்வளவுதான்," என்றேன்.

"சரி ஆச்சி. ஒரே ஒரு வாரம். வாயில எது போட்டாலும் ஒரு கோடு போடுங்க. எழுத வேண்டாம், கோடு போதும்."

மகன் கொடுத்த காலண்டரின் பின்பக்கத்தில் போட்டேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. ஏழு நாள் கழித்து அதைப் பார்த்தபோது வேலி நட்டு வைத்ததைப் போல இருந்தது. டீக்கு ஒரு கோடு, டீக்குத் தொட்டுக்கொண்ட முறுக்குக்கு ஒரு கோடு. குழம்பு ருசி பார்க்கப் பிசைந்த சோற்றுக்குக் கோடு. மிச்சம் விழுந்ததை வீணாக்கக் கூடாது என்று வழித்ததற்குக் கோடு. டீவி பார்க்கும்போது கொறித்ததற்கு எத்தனை கோடு என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆக்குகிறவள் தட்டில் போட்டுச் சாப்பிட்டதைத்தான் சாப்பாடு என்று நினைப்பாள். கரண்டியில் போனது கணக்கில் வராது.

அந்தக் காலண்டரை மடியில் வைத்துக்கொண்டு கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணினேன். பிறகு ஒரு யோசனை வந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைக்கு இவ்வளவு சோறு என்று அளவு உண்டு. கரண்டியைத் தலைதட்டித்தான் போடுவேன். மறுசோறு கேட்டால், எல்லாப் பிள்ளைக்கும் போட்ட பிறகுதான். வாத்தியார் பிள்ளையானாலும் அதுதான் சட்டம். என்னிடம் யாரும் வாலாட்ட முடியாது. இத்தனை பிள்ளைக்கு அளந்து போட்டவள் எனக்கு மட்டும் ஒரு நாளும் அளந்து போட்டதில்லை.

அன்றிலிருந்து நானே வரிசையில் நிற்கிற பிள்ளை, நானே சோறு போடுகிற ஆள். ஒரு சின்ன டம்ளரை எடுத்து வைத்தேன். சோறு அதில் தலைதட்டி ஒன்று. காய் இரண்டு மடங்கு. பருப்பு உண்டு, முட்டை ஒன்று உண்டு. அத்தோடு பானையை மூடிவிடுவேன். முதல் பத்து நாள் வயிறு கெஞ்சியது. "மறுசோறு இல்ல, போ," என்று வாய்விட்டே சொல்வேன். பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "யார்ட்ட ஆச்சி சண்ட போடுதிய?" என்று கேட்டாள். "ஒரு அடங்காத பிள்ளைட்ட," என்றேன்.

நர்ஸ் பெண் நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நீட்டி மடக்கவும், கையைக் கட்டிக்கொண்டு எழுந்து உட்காரவும் சொல்லிக் கொடுத்தாள். முதலில் கை ஊன்றாமல் ஒரு தடவைகூட எழ முடியவில்லை. பிறகு ஒன்று, பிறகு மூன்று. ரேஷன் கடை வரைக்கும் காலையிலும் சாயங்காலமும் கம்பை ஊன்றி நடந்தேன். தீபாவளிக்குப் பலகாரமாக முந்திரிக்கொத்து வந்தது. மூன்று தின்றேன், அதற்கும் கோடு போட்டேன். அந்த மாதம் மிஷின் அசையவே இல்லை. அடுத்த மாதம் அசைந்தது.

என்னோடு அருவிக்கு வந்தவள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "நாப்பது நாள்ல கரைஞ்சதுதான்க்கா இப்பம் வெளிய தெரியுது," என்றாள்.

நான் எதிர்பார்க்காத தொந்தரவு வேறு பக்கத்திலிருந்து வந்தது. எங்கள் ஊரில் உடம்பு வைத்தால்தான் சுகம். "ஆளு வத்திட்டாளே" என்றால் சீக்கு, இல்லாவிட்டால் சோற்றுக்கு இல்லை என்று அர்த்தம். கார்த்திகையில் ஆய்க்குடியில் ஒரு கல்யாணம். என் நாத்தனார், அதாவது அவருடைய தங்கச்சி, பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாயசம் வேண்டாம் என்று இலையை மறித்தேன். அவள் என் கழுத்தையே பார்த்தாள்.

"மயினி, கழுத்தெலும்பு தெரியுதே. என்ன சீக்கு? எங்கிட்ட மறைக்காதிய."

"ஒரு சீக்கும் இல்ல. டாக்டர் சொல்லி நானா குறைக்கேன்."

"சோத்தக் குறைக்கச் சொல்லுத டாக்டரும் உண்டா? எங்கண்ணன் இருந்தா உங்கள இப்படி விட்டிருப்பானா?" என்று மூக்கைச் சிந்தினாள். பந்தியே திரும்பிப் பார்த்தது.

அவள் அத்தோடு நிறுத்தவில்லை. மகனுக்குப் போன் போட்டு, உன் அம்மா கருவாடா காய்ஞ்சு கிடக்கா, பெத்தவளுக்குச் சோறு போடாத மகன்னு ஊரே பேசுது என்று சொல்லியிருக்கிறாள்.

மார்கழியில் ஒரு நாள் விடிந்ததும் வாசலில் கார் வந்து நின்றது. மகன்தான். பின்சீட்டைக் காலியாக வைத்துக்கொண்டு வந்திருந்தான். உள்ளே வந்தவன் என்னைப் பார்த்ததும் நடையிலேயே நின்றுவிட்டான். கண் கலங்கிவிட்டது.

"என்னம்மா இப்படி மெலிஞ்சு போயிட்ட?"

"மெலியத்தான் செஞ்சேன்."

"தை வரைக்கும்லாம் வேண்டாம். துணிமணிய எடு. இப்பமே கிளம்பு. அத்தை போன்ல என்ன கேட்டா தெரியுமா? யூனிபார்ம் போட்டவன் பெத்தவளப் பட்டினி போடலாமாங்கா."

"அத்தைக்குப் பதில் சொல்லத்தான் என்னக் கூட்டிட்டுப் போறியா?"

"நான் உன் நல்லதுக்குச் சொல்லுதேன்."

"ஏலே, இப்படி உக்காரு." அவனை எதிரே உட்காரச் சொல்லிவிட்டு நானும் நாற்காலியில் உட்கார்ந்தேன். கையைக் கட்டிக்கொண்டேன். எழுந்தேன். உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன். முட்டி வலிக்கத்தான் செய்தது, பல்லைக் கடித்துக்கொண்டு ஐந்து தடவை எழுந்து உட்கார்ந்தேன். ஆறாவதுக்கு மூச்சு வாங்கியது. அவன் பதறி எழுந்து என்னைப் பிடிக்க வந்தான்.

"தொடாதே," என்றேன். "சித்திரையில நாலு பேரு தூக்கினாவ. இன்னைக்கு யாரு தூக்கினா? பட்டினி கிடந்தவ எந்திரிச்சு உக்காருவாளா? போலீஸ்காரன்தானலே நீ, சாட்சியக் கண்ணால பாத்துக்கோ."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு மெதுவாக, "ஊரு பேசுதேம்மா," என்றான்.

"பேசட்டும். பருத்துக் கிடந்தப்ப சப்பரம்னு பேசுச்சு. இப்ப கருவாடுன்னு பேசுது. ஊரு வாய்க்கு நான் எத்தன கிலோவுல நிக்கணும்? காரை எடு. தென்காசிக்குப் போவோம். டாக்டர் முடியாதுன்னா நான் உன்கூட வாரேன். முடியும்னா நீ தனியாத் திரும்பிப் போ."

இப்படிச் சொல்லிவிட்டேனே தவிர, காரில் போகும்போது விரல்விட்டுக் கணக்குப் போட்டேன். டாக்டர் கேட்டது எண்பது. நான் போன வாரம் பார்த்ததில் எண்பத்து மூன்று. மூன்று கிலோ கடன் இருக்கிறது. அதை மகனிடம் சொல்லவில்லை.

டாக்டர் மிஷினில் ஏற்றினார். எண்பத்து மூன்றுதான். மகன் எட்டிப் பார்த்தான்.

"பன்னிரண்டு இறக்கச் சொன்னேன். தொண்ணூத்து ரெண்டுல இருந்து ஒம்போதுதான் இறங்கிருக்கு," என்றார்.

"நடுவுல தொண்ணூத்து நாலரைக்கு ஏறிட்டேன் சார். அதுல இருந்து பாத்தா பதினொண்ணரை. நான் உழைச்சது பதினொண்ணரை."

"எதுக்கு ஏறுச்சு?"

"அருவிக்குப் போனேன்."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அவரும் இந்தப் பக்கத்துக்காரராகத்தான் இருக்க வேண்டும். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. நான் கையோடு கொண்டு போன ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்தார். தொடையை அமுக்கிப் பார்த்தார். எழுந்து உட்காரச் சொன்னார், செய்து காட்டினேன்.

"சர்க்கரை நல்லா இறங்கிருக்கு. தொடையில பலம் வந்திருக்கு. இந்த மூணு கிலோவுக்காக நிறுத்தி வைக்க வேண்டாம். ஆனா இதே மாதிரி தொடரணும். மாசியில முதல்ல வலது முட்டி. சரியா?"

"மூணையும் அதுக்குள்ள கொண்டு வந்துருவேன் சார்."

வெளியே மேசையில் இருந்த நர்ஸ் ஒரு காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஆப்பரேஷன் முடிஞ்சு ஆறு வாரம் பக்கத்துல ஒரு ஆள் இருக்கணும். எந்த வீட்டுக்குப் போறிய? கோயம்புத்தூரா, மேலகரமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மகன் சொல்லிவிட்டான்.

"மேலகரம்னே போடுங்க சிஸ்டர். நான் லீவு போட்டு வந்து இருக்கேன்."

அவள் எழுதினாள். மகனிடம் கையெழுத்துக் கேட்டாள். அவன் போட்டுவிட்டுப் பேனாவை மூடப் போனான். நோயாளியும் போட வேண்டும் என்று சொல்லி, அவள் ரேகை வைக்கிற மையை என் பக்கம் நகர்த்தினாள். நான் அதைத் தள்ளி வைத்துவிட்டுப் பேனாவை வாங்கினேன். எனக்குப் பின்னால் நீண்ட வரிசை நின்றது. நிற்கட்டும் என்று ஒவ்வொரு எழுத்தாக என் பெயரைப் போட்டுக் கொடுத்தேன்.